மலையக மேடைக்கு பேஸ் கிட்டார்: எதை முதலில் வாங்குவது, எப்படித் தயார் செய்வது

நான் முதன்முதலாக மேடையில் பேஸ் வாசித்தது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில் ஒன்றின் திருவிழாவில். கடன் வாங்கி எடுத்த பெரிய அம்ப் பெட்டியை, வேன் போக முடியாத இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் மூன்று பேர் மாறிமாறித் தூக்கிக்கொண்டு ஏறினோம். மேலே போய்ப் பார்த்தால் மேடை என்பது ஒரு லொறியின் பின்பக்கம். டிரம்ஸையும் கீபோர்டையும் வைத்து, பாடகர்களும் ஏறி நின்றபிறகு என் பெட்டிக்கு இடமே இல்லை. சவுண்ட்காரர் வயரை நேராக மிக்சரில் குத்தச் சொன்னார். குத்தினேன். இரவு முழுக்க ஒரே உறுமல். எந்த ஸ்வரம் வாசிக்கிறேன் என்று எனக்கே கேட்கவில்லை.

அந்த ராத்திரி தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், பாடசாலை மைதானம், கிறிஸ்மஸ் நிகழ்ச்சி என்று எங்கே போனாலும் நம் சத்தம் வெளியே வருவது வாடகைக்கு வந்த சவுண்ட் செட்டில். அது எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை. நம் விரலுக்கும் அந்த மிக்சருக்கும் நடுவே இருப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. ஆகவே காசை அங்கே போடுங்கள். முதலில் நல்ல கழுத்துள்ள பேஸ், அப்புறம் அதைச் சரியாக செட் பண்ணுவது, அப்புறம் வயர், சுருதி பார்க்கும் டியூனர், பேஸை மிக்சருக்குப் பொருத்தும் சின்னப் பெட்டியான டிஐ பொக்ஸ். அம்ப் பெட்டி கடைசியில் போதும்.

பேஸைத் தெரிவு செய்வது

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பேஸ்கள் இரண்டு பழைய மாதிரிகளின் பிள்ளைகள். ஒன்று ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், மற்றது 1960இல் வந்த ஜாஸ் பேஸ். பிரிசிஷனில் நடுவில் இரண்டு துண்டாகப் பிரிந்த ஒரு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்), ஒரு வொல்யூம், ஒரு டோன். ஜாஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்கள். இரண்டையும் சம அளவில் திறந்து வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒன்றைக் குறைத்த உடனே உர்ர் என்று கிளம்பும். ஜெனரேட்டரும் சீரியல் பல்புத் தோரணமும் பக்கத்தில் ஓடும் மேடையில் அந்த உர்ர் இரண்டு மடங்காகக் கேட்கும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு பிரிசிஷன் வகையையோ, பிரிசிஷன் பிக்கப்போடு ஜாஸ் பிக்கப் ஒன்றையும் சேர்த்த பிஜே வகையையோ சொல்வேன். ஃபெண்டரின் விலை குறைந்த வரிசையான ஸ்குவயரில் இந்த வகைகள் கிடைக்கின்றன. யமஹா டிஆர்பிஎக்ஸ் 174உம் நல்ல தொடக்கம்.

நான்கு தந்தியா, ஐந்தா என்று தம்பிமார் அடிக்கடி கேட்பார்கள். நான்கு போதும். நான்கு தந்தி பேஸில் ஆகத் தாழ்ந்த ஈ தந்தி திறந்த நிலையில் 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவதாக வரும் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். வாடகை ஸ்பீக்கரில் பல 41ஐயே சரியாகக் கொடுப்பதில்லை; 31 எங்கே வரப்போகிறது? கைக்குப் பாரம் கூடுவதுதான் மிச்சம். தந்தியின் நீளம் வழக்கமாக 34 அங்குலம். சின்னக் கையாக இருந்தால், பாடசாலைப் பிள்ளைகளுக்கு வாங்குவதாக இருந்தால், 30 அங்குலக் குட்டை பேஸைத் தயங்காமல் எடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம் பெட்டரி. சத்தத்தைக் கூட்டிச் சீராக்கும் மின்சுற்று உள்ளே இருக்கும் அக்டிவ் பேஸ்களுக்குள் 9 வோல்ட் சதுர பெட்டரி இருக்கும். ஐபனெஸ் ஜிஎஸ்ஆர்200இலும் அது உண்டு. வயர் குத்தியிருக்கும் வரை அந்த பெட்டரி தேய்ந்துகொண்டே இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குத் தோட்டத்துச் சில்லறைக் கடையில் டோர்ச் பெட்டரி கிடைக்கும், 9 வோல்ட் கிடைப்பது கஷ்டம். பெட்டரி தேவைப்படாத பாசிவ் பேஸ்தான் மலை மேடைக்கு நிம்மதி. ஏற்கெனவே அக்டிவ் வாங்கிவிட்டால் பரவாயில்லை. பையில் எப்போதும் ஒரு புது பெட்டரி இருக்கட்டும்; வாசிக்காத நேரத்தில் வயரைக் கழற்றி வையுங்கள்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபின் புது வாத்தியம் பலருக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. பழையது வாங்குவதில் ஒரு குறையும் இல்லை, பார்த்து வாங்கினால். கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். லேசாக வளைந்திருந்தால் சரி செய்யலாம், கயிறு திரித்ததுபோல் முறுகியிருந்தால் வேண்டாம். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தி வாசித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் சத்தம் செத்தால் அந்த ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது அல்லது கிளம்பியிருக்கிறது. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடின் திருகு அசைகிறதா என்று விற்பவர் முன்னாலேயே கால் சுற்று திருப்பிப் பாருங்கள். திருகு இறுகிப்போயிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வொல்யூம் குமிழ் கரகரப்பதை மட்டும் பெரிதாக எடுக்க வேண்டாம், சுத்தம் செய்தால் போய்விடும்.

தந்தி

நிக்கல் உருண்டைக் கம்பி சுற்றிய, அங்குலத்தின் ஆயிரத்தில் 45 முதல் 105 பங்கு வரை தடிப்புள்ள ரவுண்ட்வூண்ட் தந்தி எல்லாவற்றுக்கும் பொருந்தும். நம் மேடையில் ஒரே இரவில் இளையராஜா பாட்டும் வரும், ரஹ்மான் பாட்டும் வரும், நடுவில் இலங்கையின் துள்ளல் பாட்டான பைலாவும் வரும். இளையராஜா பாட்டுகளில் சசிதரனும் ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் வரிகள் தனி மெட்டுப் போல நகர்பவை; அவை தெளிவாகக் கேட்க ரவுண்ட்வூண்டின் கூர்மை வேண்டும். பைலாவுக்கு நேர் எதிர்: 6/8 தாளத்தில் ஸ்வரங்கள் குட்டையாக, துள்ளலாக விழ வேண்டும். அதற்காகத் தந்தியை மாற்ற வேண்டியதில்லை. தந்திகள் உடலில் பொருந்தும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பொஞ்சைச் செருகுங்கள். பைலா முடிந்ததும் உருவி எடுத்துவிடுங்கள்.

தந்தியை மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றுங்கள். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் கழுத்தின் இழுவை முழுவதும் போய்விடும். மேலதிக நீளத்தை வெட்டுமுன் வெட்டும் இடத்துக்கு முன்னால் தந்தியைச் செங்குத்தாக மடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சுற்று உள்ளே நழுவித் தந்தி செத்துவிடும். சுருதி சேர்க்கும் திருகாணியில் இரண்டு மூன்று சுற்று, மேலிருந்து கீழாக.

செட்டப்: வீட்டிலேயே செய்யலாம்

மலையகத்தில் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளாமல் பேஸ் வைத்திருக்க முடியாது. காரணம் நம் மலைகள்தான். பதுளை சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா சுமார் 1,868 மீற்றரில். பதுளைக்காரர் ஒருவர் நுவரெலியாவில் வாசிக்கப் போனால் அரை நாளுக்குள் வேறொரு காலநிலைக்குள் நுழைகிறார். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மரம் ஈரத்தை இழுக்கும், கழுத்து வளையும். பனிக் குளிரில் தந்தி சுருங்கி சுருதி ஏறும், மேடை விளக்குச் சூட்டில் அதே தந்தி இளகி இறங்கும். கொழும்பில் ஒருமுறை செட் பண்ணிக் கொண்டுவந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

தேவையானவை: பேஸோடு வந்த அலன் சாவிகள், மில்லிமீற்றர் குறித்த இரும்பு அடிமட்டம், ஒரு விசிட்டிங் கார்ட், டியூனர். வரிசையை மாற்றாதீர்கள், ஒன்று அடுத்ததைப் பாதிக்கும்.

முதலில் சுருதி சேருங்கள். அப்புறம் ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். தந்தி இப்போது நேர்கோடு. ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்ட் அளவாக நுழைந்தால் சரி. இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராடைக் கடிகாரம் சுற்றும் பக்கமாக இறுக்குங்கள். இடைவெளியே இல்லையென்றால் எதிர்ப்பக்கமாகத் தளர்த்துங்கள். ஒருமுறைக்குக் கால் சுற்றுத்தான். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து, முடிந்தால் ஒரு இரவு விட்டு, மறுநாள் பாருங்கள். மரம் மெதுவாகத்தான் நகரும். திருகு கனமாக எதிர்த்தால் நிறுத்திவிடுங்கள், பலவந்தம் வேண்டாம்.

அடுத்தது தந்தியின் உயரம். 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் ஈ தந்தியின் அடிப்பக்கம் 2.5 மி.மீ., ஆக உயர்ந்த ஜி தந்தி 2 மி.மீ. என்று தொடங்குங்கள். பிரிட்ஜில் உள்ள சின்னத் திருகுகளால் ஏற்றி இறக்கலாம். மேடையில் நாம் வீட்டில் வாசிப்பதைவிட பலமாக வாசிப்போம். அதனால் வீட்டில் இதமாக இருக்கும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே வையுங்கள், தந்தி ஃப்ரெட்டில் அடிபடாது.

மூன்றாவது, இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்க சுருதி சரியாக இருப்பது. 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு சத்தம் வரும். அதை டியூனரில் சரியாக வையுங்கள். இப்போது அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் அந்தத் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் துண்டான சேடிலைப் பின்னுக்கு இழுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள். நான்கு தந்திக்கும் பொறுமையாக. கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போது மேல் ஃப்ரெட்களில் சுருதி விலகுகிறது என்று பலர் தங்கள் காதைக் குறை சொல்வார்கள்; அநேகமாகக் குறை இங்கேதான் இருக்கும்.

பிக்கப் உயரம் கடைசி. தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, ஈ பக்கம் சுமார் 3 மி.மீ., ஜி பக்கம் சுமார் 2 மி.மீ. விட்டுக்கொள்ளுங்கள். நான்கு தந்தியும் ஒரே பலத்தில் கேட்கும் வரை அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

வயர், டியூனர், டிஐ பொக்ஸ்

நல்ல வயர் இரண்டு. ஒன்று பாவிக்க, ஒன்று பையில். 6 மீற்றருக்கு மேல் வேண்டாம், நீளம் கூடக்கூட இரைச்சலும் கூடும். டியூனர் காலால் மிதிக்கும் பெடல் வகையாக இருந்தால் நல்லது. மிதித்த உடனே வெளியே சத்தம் நின்றுவிடும், சனத்துக்குக் கேட்காமல் சுருதி சேர்க்கலாம். கழுத்தில் கவ்வும் டியூனர், டிரம்ஸ் அதிர்வில் ஈ தந்தியைப் பிடிக்கத் தடுமாறும். அதுதான் இருக்கிறதென்றால் 12ஆவது ஃப்ரெட் மணிச்சத்தத்தை வைத்துச் சேருங்கள்.

டிஐ பொக்ஸ்தான் இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்தும் பொருள். பேஸின் பிக்கப் எதிர்பார்ப்பது ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் எதிர்ப்புள்ள ஒரு நுழைவாயிலை. மிக்சரின் லைன் துளையில் இருப்பது அதில் நூறில் ஒரு பங்கு போல. நேராகக் குத்தினால் சத்தம் மழுங்கி, மேல் ஓசை முழுக்க விழுங்கப்பட்டுப் போவது அதனால்தான். லொறி மேடையில் எனக்கு நடந்ததும் இதுதான். டிஐ பொக்ஸ் பேஸின் சத்தத்தை மிக்சருக்குப் பொருத்தமாக மாற்றி, மைக் வயர் வழியாக நீண்ட தூரம் இரைச்சல் இல்லாமல் அனுப்பும். பாசிவ் பேஸுக்கு அக்டிவ் டிஐ பொருத்தம். பெஹ்ரிங்கர் டிஐ100 போன்றவை மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரிலும் ஓடும், 9 வோல்ட் பெட்டரியிலும் ஓடும். கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் பாஸ் (தாழ்ந்த ஓசை), ட்ரெபிள் (மேல் ஓசை) குமிழ்கள் உள்ள பிரீஅம்ப் வகை எடுங்கள். டெக் 21இன் சான்ஸ்அம்ப் பெயர்போனது, பெஹ்ரிங்கர் பிடிஐ21 விலை குறைந்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டி இருந்தால், லொறியில் ஏறினாலும் மண்டபத்தில் ஏறினாலும் உங்கள் சத்தம் உங்களோடு வரும்.

டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். விடாமல் ஒரு ஹம் கேட்டால் முதலில் அதைத் தட்டிப் பாருங்கள்.

கரண்ட்: இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்

கோயில் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். கீழே மழை நனைத்த பலகையோ மண்ணோ இருக்கும். கரண்ட் கோயிலிலிருந்தோ பக்கத்து லயத்திலிருந்தோ (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) நீண்ட வயரில் வரும், இல்லையென்றால் ஜெனரேட்டர். எர்த் சரியில்லாத இடத்தில், ஈரத்தில் வெறுங்காலோடு, கையில் உலோகத் தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் என்ன நடக்கும் என்பதை நான் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். உதடு வெந்து, ஒரு நிமிடம் கண் இருண்டது. தப்பியது கடவுள் புண்ணியம்.

அன்றிலிருந்து இதைத் தவறாமல் செய்கிறேன். எல்லாம் ஓன் பண்ணியபின், டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரால் என் பேஸின் பிரிட்ஜையும் மைக்கின் வலையையும் தொட்டுப் பார்ப்பேன். ஒளிர்ந்தால் வாசிப்பதில்லை. யார் அவசரப்படுத்தினாலும் சரி. ஒளிரவில்லை என்பதை மட்டும் நம்பியும் இருப்பதில்லை. மேடைக்கு வரும் கரண்ட் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாக வருகிறதா என்று கேட்பேன். காலடிக்கு ஒரு தடித்த ரப்பர் பாய் கொண்டுபோவேன். கோயிலில் செருப்புப் போட முடியாது, ரப்பர் பாயை யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஹம் நிற்கிறதென்று பிளக்கின் எர்த் கம்பியை உடைக்கிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. ஒருபோதும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். ஹம்மை நிறுத்த டிஐயின் சுவிட்ச் இருக்கிறது. இன்னொன்று: சில மண்டபங்களில் 13 அம்ப் சதுரக் கம்பி பிளக், சில இடங்களில் 5 அல்லது 15 அம்ப் வட்டக் கம்பி. எர்த் உள்ள தரமான மாற்று பிளக்குகளை நீங்களே கொண்டுபோங்கள், தீக்குச்சி செருகுகிற நிலைமை வராது.

சவுண்ட்செக்

சவுண்ட்காரரிடம் மரியாதையாக முதலிலேயே பேசிவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பாட்டும் தவிலும் தெரிந்த அளவுக்கு பேஸ் பழக்கமில்லை. நான் கேட்கும் முதல் கேள்வி: “அண்ணே, என் சேனல்ல லோ கட் அமுங்கியிருக்கா, கொஞ்சம் பாருங்களேன்.” குரலுக்காக வைத்திருக்கும் அந்தப் பொத்தான் பல மிக்சர்களில் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடும். உங்கள் ஈ தந்தியும் ஏ தந்தியும் தொடங்குவதே அதற்குக் கீழேதான்.

சப் ஸ்பீக்கர் இருந்தால் பிரச்சினை குறைவு. புனல் மாதிரி ஹோர்ன் ஸ்பீக்கர்கள் மட்டும் மரத்தில் கட்டியிருந்தால் தாழ்ந்த ஓசை வெளியே வரவே வராது, எவ்வளவு ஏற்றினாலும். அங்கே பாஸ் குமிழைக் குறைத்து, 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான நடு ஓசையைக் கூட்டுங்கள். வரியை ஒரு ஸ்தாயி மேலே எடுத்து, தேவையென்றால் பிக்கால் (மீட்டும் சின்னத் தகடு) வாசியுங்கள். தனியாகக் கேட்டால் கூர்மையாகத்தான் இருக்கும், கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவது அதுதான். டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டுகள் பக்கமாக நில்லுங்கள், கிக் டிரம்மைக் கண்ணால் பார்க்கலாம்.

கீபோர்ட்காரரிடமும் ஒன்று கேளுங்கள்: ட்ரான்ஸ்போஸ் போட்டிருக்கிறீர்களா? பாடகருக்காக அவர் ஒரு பொத்தானை அமுக்கி அரை ஸ்வரம் இறக்குவார், விரல் மாறாது. நீங்கள் கழுத்தில் முழுவதையும் நகர்த்த வேண்டும். அதனால் பாட்டுகளைத் திறந்த தந்தியை நம்பிப் பழகாமல், எங்கேயும் நகர்த்தக்கூடிய விரல் அமைப்பாகப் பழகுங்கள்.

சுவாமி வெளிவீதி வரும்போது தப்பு மேளச் சத்தம் நெருங்கும். வொல்யூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து கையை எடுத்துவிடுங்கள். தப்பு அடிக்கிற இடத்தில் நம் பேஸுக்கு வேலை இல்லை.

இப்போது அம்ப் பெட்டி

பயிற்சிக்கும் சின்ன மண்டபத்துக்கும் 12 அங்குல ஸ்பீக்கரோடு 100 வொட் கொம்போ (அம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) தாராளம். திறந்தவெளியில் டிரம்ஸோடு நிற்க 200, 300 வொட் வேண்டும், அப்போதும் சனத்துக்குப் போவது டிஐ வழியாகத்தான்; பெட்டி உங்கள் காதுக்கு. வொட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல் மட்டுமே கூடும், எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். தூக்க வேண்டிய பாரத்தைப் பாருங்கள். ஸ்பீக்கர் இல்லாத, டி வகுப்பு எனும் எடை குறைந்த அம்ப் ஹெட்கள் மூன்று கிலோவுக்குள் வருகின்றன, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

ஹெட்டும் ஸ்பீக்கர் பெட்டியும் தனித்தனியாக எடுத்தால் ஓம் கணக்கைப் பாருங்கள். 4 ஓம் வரை தாங்கும் ஹெட்டில் 8 ஓம் பெட்டி இரண்டு போடலாம், அது 4 ஆகும். 4 ஓம் பெட்டி இரண்டு போட்டால் 2 ஆகி ஹெட் சூடேறிப் பழுதாகும். இவற்றுக்கு நடுவே ஸ்பீக்கர் வயர்தான் போட வேண்டும், கிட்டார் வயர் அல்ல. ஜப்பானிலிருந்து வந்த பழைய அம்ப் மலிவாகக் கிடைத்தால் பின்பக்கம் பாருங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் நம் 230இல் குத்திய உடனே கருகிவிடும், சரியான ட்ரான்ஸ்போமர் இல்லாமல் தொடாதீர்கள்.

பை, பட்டி, வீடு திரும்புதல்

பேஸ் மூன்றரை நான்கு கிலோ இருக்கும். மூன்று அங்குல அகலப் பட்டி வாங்குங்கள். பட்டி கழன்று விழாமலிருக்க, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷரைப் பொத்தானில் மாட்டினால் போதும். தடித்த பஞ்சு வைத்த பை, அதன்மேல் ஒரு மழை உறை. பஸ்ஸில் கழுத்து மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். தட்டில் படுக்கவைத்தால் அடுத்த வளைவில் யாருடைய சாக்காவது அதன்மேல் விழும்.

நிகழ்ச்சி முடிந்ததும், சாப்பாட்டுக்குப் போகுமுன், தந்திகளை மேலும் கீழும் காய்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையும் பனி ஈரமும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் துரு பிடிக்கும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போட்டு வையுங்கள், சப்பாத்துப் பெட்டிகளில் வருபவையே போதும். விடியற்காலைக் குளிரில் வீடு வந்ததும் பையை உடனே திறக்காதீர்கள். அடுப்படிச் சூட்டுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு மணி நேரம் மூடியபடியே அறையில் இருக்கட்டும், அப்புறம் திறந்து இன்னொரு தரம் துடைத்துச் சுவரில் மாட்டுங்கள்.